சுகமாகாதவரும் சாட்சி சொல்லட்டும்: மும்பைத் தமிழ்ச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மும்பையில் தமிழ்ச் சபைகளை நடத்திவரும் போதகர்களுக்கும், மூப்பர்களுக்கும், வீட்டுக்கூட்டம், உபவாச ஜெபம், முழு இரவு ஜெபம் என்று ஓய்வில்லாமல் ஓடும் அக்கா, அண்ணன்மாருக்கும் ஸ்தோத்திரம்.

நான் தாராவியில் இருக்கிறேன். சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். கல்யாணமாகி 1996-இல் இங்கே வந்தேன். என் வீட்டுக்காரர் தோல் பை தைக்கிறவர். கணக்குப் பார்த்தால் பாதி பம்பாய்க்காரர்களின் தோளில் அவர் தைத்த பை ஒரு நாளாவது தொங்கியிருக்கும் என்று பெருமையாகச் சொல்லுவார். 2019-ஆம் வருடம் அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் வேலை செய்வதை நிறுத்திவிட்டன. அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள், தடவைக்கு நான்கு மணி நேரம், டயாலிசிஸ்.

இந்த மடலை எழுத வைத்தது ஒரு சின்னச் சம்பவம். போன வருடம் ஒரு ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் வந்தது. ஒரு தம்பிக்கு விசா கிடைத்திருந்தது, சொன்னார். ஒரு அக்காவின் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது, சொன்னார். எல்லாரும் கை தட்டினோம், நானும் மனதாரத் தட்டினேன். அப்போது என் வீட்டுக்காரர் மெதுவாகக் கையைத் தூக்கினார். கூட்டம் நடத்திய சகோதரர் பக்கத்தில் வந்து, தோளில் கை வைத்து, அன்பாகத்தான் சொன்னார்: "சுகமானப்புறம் சொல்லுங்கண்ணே." மைக் அடுத்தவருக்குப் போய்விட்டது.

அவர் கையை இறக்கிக்கொண்டார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி படுக்கும்போது கேட்டார்: "அப்போ நான் சாகிற வரைக்கும் எனக்குச் சாட்சியே கிடையாதா?"

அந்தச் சகோதரர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நம் சபைகளில் எல்லாரும் அப்படித்தான் பழகியிருக்கிறோம். ஜெபித்தேன், கிடைத்தது, ஜெபித்தோம், சுகமானது. இந்த அச்சுக்குள் அடங்கினால் அது சாட்சி. அடங்காவிட்டால் அது ஜெபக்குறிப்பு, மற்றவர்கள் ஜெபிப்பதற்காக எழுதிவைக்கிற விஷயம். ஆறு வருடத்துக்கு மேலாக நாங்கள் ஜெபக்குறிப்பாகவே இருக்கிறோம். உங்களிடம் நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான்: சுகமாகாதவர்களுக்கும் சாட்சி நேரத்தில் இடம் கொடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்று புரிய வேண்டுமானால், எங்கள் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அவருடைய முறை திங்கள், புதன், வெள்ளி. வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் ஒரு நாள் கூடுதலாக விழுகிறது. சிறுநீர் போகாத உடம்பில் குடித்த தண்ணீர் எல்லாம் அப்படியே தங்கும். அதனால் வாரத்திலேயே அவருக்குக் கஷ்டமான நாள் ஞாயிறுதான். கால் வீங்கியிருக்கும். செருப்பின் வார் பதிந்த தடம் சாயங்காலம் வரை போகாது. படி ஏறினால் மூச்சு வாங்கும். நாள் ஒன்றுக்கு அவருக்கு அனுமதி ஏறக்குறைய முக்கால் லிட்டர் தண்ணீர், சாம்பார், ரசம், டீ எல்லாம் சேர்த்து. மே மாதத்து மும்பைப் புழுக்கத்தில் முக்கால் லிட்டர் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். தாகம் தாங்காதபோது ஒரு ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அந்தச் சின்னக் கிண்ணத்துத் திராட்சரசத்தையும் அவர் அன்றைய கணக்கில் சேர்த்துக்கொள்வார். நம்மில் எத்தனை பேர் கர்த்தருடைய பாத்திரத்துக்காக வீட்டில் ஒரு வாய்த் தண்ணீரைக் குடிக்காமல் மிச்சம் பிடித்துக்கொண்டு வருகிறோம்? அவர் வருகிறார், மாதா மாதம்.

அவருடைய இடது கையில் ஃபிஸ்டுலா இருக்கிறது. ஊசி போட வசதியாக ஒரு தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். தொட்டுப் பார்த்தால் தோலுக்கு அடியில் பூனை உறுமுகிற மாதிரி ஒரு அதிர்வு ஓடும். அந்த அதிர்வு நின்றால் வழி அடைத்துவிட்டது என்று அர்த்தம். தினமும் காலையில் எழுந்ததும் முதல் காரியமாக வலது கையை அதன்மேல் வைத்துப் பார்ப்பார். ஓடுகிறது என்று தெரிந்ததும் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்பார். இது ஆறு வருடத்தில் ஒரு நாளும் தவறவில்லை. கையில் மைக் கொடுத்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார். வேறு பெரிதாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்.

இனிச் சொல்லப்போவதைச் சொல்ல மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் இது மற்றவர்களுக்கு நடக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

டயாலிசிஸ் தொடங்கி மூன்றாவது வருடம், வெளியூரிலிருந்து வந்த ஒரு ஊழியக்காரரின் சுகமளிக்கும் கூட்டத்துக்கு அவரைக் கூட்டிப்போனோம். தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, "இன்றோடு உனக்கு மெஷின் இல்லை, விசுவாசத்தில் நட" என்றார். கூட்டம் ஆர்ப்பரித்தது. நானும் அழுதேன். நம்ப வேண்டும் என்று எவ்வளவு ஆசை எனக்கு! திங்கட்கிழமை நாங்கள் போகவில்லை. புதன்கிழமையும் போகவில்லை. வியாழன் ராத்திரி அவரால் படுக்க முடியவில்லை. கட்டில் விளிம்பில் குனிந்து உட்கார்ந்து, தண்ணீரில் முங்குகிறவர் மாதிரி மூச்சுக்குத் தவித்தார். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டு ரஹீம் பாயின் மகன் டாக்சி பிடித்து, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தான். விடிவதற்குள் மெஷினில் போட்டார்கள். பிழைத்தார்.

அப்புறம் பார்க்க வந்த சிலர் சொன்னது அந்த ராத்திரியைவிட வலித்தது. "உள்ளுக்குள் சந்தேகப்பட்டிருப்பீர்கள்." "ஏதோ மறைவான பாவம் இருக்கிறதோ, ஆராய்ந்து பாருங்கள்." ஒருவர் அன்பாக இளநீர் நான்கு வாங்கிவந்தார். சிறுநீரகம் போனவருக்கு இளநீரில் இருக்கும் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடும் என்று அவருக்குத் தெரியாது, பாவம். வந்தவர் போனதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். இளநீரை அப்படிக் கொடுத்துவிட முடிந்தது. அந்த வார்த்தைகளை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

அவருக்கு ஏன் இந்த நோய் வந்தது என்று டாக்டர் எங்களுக்கு விளக்கமாகச் சொன்னார். பல வருடமாகக் கவனிக்காமல் விட்ட இரத்த அழுத்தம். சிறுநீரகம் பழுதாகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சர்க்கரை வியாதியோ இரத்த அழுத்தமோதான் காரணம். பத்துக்குப் பதினைந்து பட்டறையில், பசைவாடையில், ராத்திரி பகலாகக் குனிந்து தைத்துக்கொண்டு, தலைவலி வந்தால் மாத்திரையை வாயில் போட்டு டீ குடித்துவிட்டு மறுபடியும் தைத்தார். பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும் என்று தைத்தார். இதில் மறைவான பாவத்தை எங்கே தேடுவது? பிறவிக் குருடனைக் காட்டிச் சீஷர்கள் இதே கேள்வியைக் கேட்டபோது, "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று ஆண்டவர் சொன்னது யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறதே.

தெய்வீக சுகத்தை நான் மறுக்கவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தின்படி மூப்பர்களை வரவழைத்து எண்ணெய் பூசி ஜெபித்தோம், இன்னும் ஜெபிக்கிறோம். நாளைக்கே கர்த்தர் சுகம் கொடுத்தால் 90 அடி ரோடு முழுக்க ஆடிக்கொண்டு போவேன். அதே யாக்கோபு ஐந்தாம் அதிகாரம், எண்ணெய் பூசச் சொல்வதற்கு மூன்று வசனம் முன்னால், யோபின் பொறுமையைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களே என்றும் கேட்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில்தான் எழுதியிருக்கிறார். நாம் ஒன்றைப் பிரசங்கித்து மற்றதை விட்டுவிடுகிறோம்.

யோபு என்றதும் எல்லாரும் சொல்கிற வசனம், "அவர் என்னைக் கொன்றுபோட்டாலும், அவர்மேல் நம்பிக்கையாயிருப்பேன்." எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டுவிட்டேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒரு நாள் வேதத்தைத் திறந்து பார்த்தபோதுதான், அந்த வசனம் அங்கே முடியவில்லை என்று கவனித்தேன். "ஆனாலும் என் வழிகளை அவருக்கு முன்பாக ரூபகாரம்பண்ணுவேன்" என்று தொடர்கிறது. ரூபகாரம் என்றால் என்னவென்று எங்கள் சபையின் வயதான உபதேசியாரிடம் கேட்டேன். நியாயத்தை எடுத்துவைத்து நிரூபிப்பது என்றார். அதாவது, நம்புவேன், ஆனாலும் அவர் முன்னால் நின்று வழக்குப் பேசுவேன் என்கிறார் யோபு. முதல் பாதியை மட்டும் நாங்கள் கேட்டு வளர்ந்ததால், கேள்வி கேட்டாலே விசுவாசம் போய்விட்டது என்று பயந்துகொண்டிருந்தேன். கடைசியில் கர்த்தர், கஷ்டத்தில் கிடந்த யோபிடம் வந்து தம்முடைய பக்கம் வாதாடிய மூன்று சிநேகிதரைப் பார்த்து, "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்கிறார். இதைப் படித்த அன்றைக்கு அந்தப் பெஞ்சில் நான் அழுத அழுகை துக்க அழுகை இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடத்துக்கு மேல் என்னால் ஜெபிக்க முடியவில்லை. 2020. ஏப்ரல் முதல் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளியைக் கண்டுபிடித்தார்கள். அப்புறம் சந்து சந்தாகத் தகரம் வைத்து அடைத்தார்கள். ரயில் இல்லை, பஸ் இல்லை. ஆனால் டயாலிசிஸுக்கு லாக்டவுன் கிடையாது. ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தடுப்பிலும் போலீசுக்குக் காட்டிக் காட்டி, சயான் பக்கம் அவரைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப்போவேன். திரும்பும்போது அவருக்குக் கால் பின்னும். வழியில் நான்கு இடத்தில் உட்காருவார். பட்டறை மூடிக் கிடந்தது. அந்த நாட்களில் முழங்கால் போட்டால் எனக்கு வார்த்தை வராது. பதிமூன்றாம் சங்கீதத்தின் முதல் வரி மட்டும் வரும்: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்." அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு தூங்கிப்போவேன். இதெல்லாம் ஜெபமா என்று அப்போது குற்ற உணர்வு. அதுதான் ஜெபம் என்று யாராவது மேடையிலிருந்து ஒரு தடவை சொல்லியிருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

88-ஆம் சங்கீதம் ஒன்று இருக்கிறது, பாருங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் அழுது தொடங்கினாலும் கடைசியில் எங்காவது ஒரு துதியில் போய் நிற்கும். இது நிற்காது. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று இருட்டிலேயே முடிந்துவிடும். கர்த்தர் அதை வேதத்திலிருந்து எடுத்துப்போடவில்லை. பாடகர் தலைவனுக்கு ஒப்புவித்த பாட்டு என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறது, அப்படியென்றால் ஆலயத்தில் கூட்டமாகப் பாட வேண்டியது. நான் இந்த ஊருக்கு வந்த இத்தனை வருடத்தில் நம் ஆராதனை ஒன்றிலும் அதை வாசித்துக் கேட்டதில்லை.

வருடா வருடம் டிசம்பர் 31 ராத்திரி, வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். என் வேதப்புத்தகத்தில் அவருடைய அட்டைகள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றில், "நான் உனக்கு ஆரோக்கியம் வரப்பண்ணி, உன் காயங்களை ஆற்றுவேன்." அது வந்த வருடம்தான் ஃபிஸ்டுலா அடைத்துப்போய் இரண்டாவது தடவை ஆபரேஷன். அந்த வசனம் பொய் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. ஆனால் "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு, ஆனாலும் திடன்கொள்ளுங்கள், நான் உலகத்தை ஜெயித்தேன்" என்பதும் ஆண்டவர் தம் வாயால் கொடுத்த வாக்குத்தத்தம்தானே? அந்த அட்டையையும் அச்சடித்துக் கூடைக்குள் போடுங்கள். யாரோ ஒருவர் கையில் அது வரும். பக்கத்தில் இருப்பவர் பரிதாபமாகப் பார்ப்பார், பரவாயில்லை. அந்த வருடம் அவருக்கு அதுதான் சோறு போடும்.

சாட்சி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவரை நம் பாஷையில் என்ன சொல்கிறோம்? இரத்தசாட்சி. தப்பித்தவருக்கு அந்தப் பேர் கிடையாது. கன்னியாகுமரிக்காரர்கள் நம் சபைகளில் நிறைய பேர் இருக்கிறீர்கள், தேவசகாயம் பிள்ளையின் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நட்டாலத்தில் பிறந்து, 1745-இல் ஞானஸ்நானம் பெற்று, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டு, 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. அந்த மலையில் கர்த்தர் அவரைத் தப்புவிக்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் நாம் அவரைச் சாட்சி என்கிறோம்.

எங்கள் பக்கத்தில் டோனாவூர் அம்மா, எமி கார்மைக்கேல். சின்ன வயதில் எங்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து அங்கே கூட்டிப்போயிருக்கிறார்கள். 1931-இல் ஒரு குழியில் தவறி விழுந்தவர் அப்புறம் சரியாக எழுந்து நடமாடவே இல்லை. 1951 ஜனவரியில் கண் மூடும்வரை ஏறக்குறைய இருபது வருடம் பெரும்பாலும் ஒரே அறையில், படுக்கையில். நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் காப்பாற்றிய கை அது. அவருக்காக ஜெபிக்காத ஆள் டோனாவூரில் இருந்திருப்பார்களா? விசுவாசக் குறைவால்தான் சுகமாகவில்லை என்று அந்த அறை வாசலில் போய் நின்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அவரிடம் சொல்ல மாட்டோம். தாராவியில் பை தைக்கிறவரிடம் சொல்லிவிட்டோம்.

இந்த மராட்டிய மண்ணிலேயே பண்டித ரமாபாய் இருந்தார். 1889-இல் இதே பம்பாயில்தான் விதவைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் சாரதா சதன் தொடங்கினார். பஞ்ச காலத்தில் பெற்றோரையும் அக்காவையும் பறிகொடுத்தவர். அப்புறம் அண்ணன், அப்புறம் கணவர். கடைசியில் தன்கூடவே நின்று ஊழியம் செய்த ஒரே மகள் மனோரமாவும் 1921-இல் போய்விட்டார். மகளைப் புதைத்த கையோடு மராத்தி வேத மொழிபெயர்ப்பு வேலையை விடாமல் செய்து முடித்து, அடுத்த வருடமே ரமாபாயும் கண் மூடினார்.

எபிரெயர் பதினொன்றாம் அதிகாரத்தை விசுவாச வீரர்களின் அதிகாரம் என்று நாம் எல்லாரும் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைக்கிறோம். சிங்கங்களின் வாயை அடைத்தார்கள், அக்கினியின் உக்கிரத்தை அவித்தார்கள் என்று வரும்போது குரல் உயர்கிறது. 35-ஆம் வசனத்தின் நடுவில் "வேறுசிலர்" என்று ஒரு சொல் வருகிறது. அங்கிருந்து எல்லாம் தலைகீழ். வாதிக்கப்பட்டார்கள், கல்லெறியுண்டார்கள், வாளால் அறுப்புண்டார்கள் என்று போகிறது. கடைசியில் 39-ஆம் வசனம்: "இவர்களெல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சிபெற்றும், வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள்." நற்சாட்சி பெற்றார்கள், அடையாமல் போனார்கள். இரண்டும் ஒரே வசனத்துக்குள் இருக்கிறது, ஐயா. அடைந்தவர்தான் சாட்சி சொல்ல வேண்டும் என்ற பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது?

அப்போஸ்தலர் பன்னிரண்டாம் அதிகாரமும் அப்படித்தான். இரண்டாம் வசனத்தில் யோவானின் சகோதரன் யாக்கோபை ஏரோது வாளால் கொலை செய்கிறான். அதே அதிகாரத்தில் பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து வெளியே கொண்டுவருகிறான். அதே ஊர், அதே சபை. பேதுரு வந்து கதவைத் தட்டி நடந்ததைச் சொன்ன அந்த ராத்திரியில் யாக்கோபின் தாயும் எருசலேமில் எங்காவது இருந்திருக்கலாம். அந்தத் தாயை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பேதுருவுக்காக அவள் சந்தோஷப்பட்டிருப்பாள். அவளிடம் அடுத்த ஞாயிறு யாராவது, "நீயும் ஏதாவது சொல்லம்மா" என்று கேட்டிருப்பார்களா?

நம் சபைகளிலும் அப்படிப்பட்ட தாய்மார் உண்டு. வேலைக்குப் போன மகன் லோக்கல் ரயிலிலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தவர்கள். குடிகாரக் கணவனோடு இருபது வருடம் குடும்பம் நடத்தி, இன்னும் அவன் மாறாதவர்கள். மனநோயுள்ள பிள்ளையை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே சொல்ல முடியாதவர்கள். பின்வரிசையில் உட்கார்ந்து, சாட்சி நேரத்தில் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். சில பேர் மெதுவாக வராமலே நின்றுவிடுகிறார்கள். பின்வாங்கிப்போனார் என்று நாம் பட்டியலில் எழுதிக்கொள்கிறோம்.

நான் நிற்காமல் வந்துகொண்டிருப்பதற்குக் காரணம் ஒரு பெரியம்மா. எங்கள் சபைதான், எழுபது வயதுக்கு மேல். லாக்டவுன் தளர்ந்த பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் டயாலிசிஸ் வராந்தாவுக்கு வந்துவிடுவார். ஒரு டப்பாவில் புளி சேர்க்காத, உப்புக் குறைத்த சோறு. டாக்டர் என்ன சாப்பிடக் கூடாது என்று சொன்னாரோ அதையெல்லாம் என்னிடம் கேட்டு எழுதிவைத்துக்கொண்டார். வந்து பக்கத்தில் உட்காருவார். ஒன்றும் பேச மாட்டார். நான்கு மணி நேரம். வெற்றிலை டப்பாவைத் திறப்பார், மூடுவார். யோபின் சிநேகிதர்களும் முதலில் அப்படித்தான் செய்தார்கள்: வியாகுலம் மகா கொடியது என்று கண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் இரவுபகல் ஏழு நாள் தரையில் கூட உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. பெரியம்மா வாயைத் திறக்கவில்லை. ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியும், அவருடைய ஒரே மகனும் இதே நோயில் போனவன் என்று. "ஏன் பெரியம்மா சொல்லவே இல்லை" என்று கேட்டேன். "யாரு கேட்டா?" என்றார்.

இன்னொருவர் எங்கள் வாலிபர் சங்கத்துப் பையன். பிள்ளைக்கு ஜெபமும் சரியாகத் தெரியாது என்று நாங்கள் நினைத்திருந்தோம். மகாராஷ்டிர அரசின் மருத்துவ உதவித் திட்டமான மகாத்மா ஜோதிராவ் புலே ஜன ஆரோக்கிய யோஜனாவில் டயாலிசிஸுக்கும் உதவி உண்டு என்று கண்டுபிடித்து, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மூன்று நாள் எங்களோடு அலைந்தான். மராத்தியில் பேசி, படிவம் நிரப்பி, கையெழுத்து வாங்கிக் கொடுத்தான். சுகமளிக்கும் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்கிற பணத்தில் கொஞ்சம் எடுத்து, இந்த மாதிரி இரண்டு பிள்ளைகளுக்கு வழிச்செலவு கொடுத்துப் பாருங்கள். தர்மசாலையில் தங்கி வைத்தியம் பார்க்கும் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர் பாஷை தெரியாமல் பரேலிலும் தாதரிலும் முழித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

மேடையில் ஜெபிக்கும் யாரும் இனி ஒரு நோயாளியைப் பார்த்து மாத்திரையை நிறுத்து, மெஷினை விடு என்று சொல்லக் கூடாது. வெளியூர் ஊழியக்காரரைக் கூப்பிடும்போதே மூப்பர்கள் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். கர்த்தர் சுகமாக்கினால் டாக்டரின் இரத்தப் பரிசோதனையிலும் அது தெரியும். அதுவரை பொறுத்திருப்பதால் விசுவாசம் குறைந்துவிடாது. பவுல் அப்போஸ்தலனே தன்கூட ஊழியத்துக்கு வந்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று எழுதுகிறார். தன் மாம்சத்து முள்ளுக்காக மூன்று தடவை வேண்டிக்கொண்டும் முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. அந்தப் பதிலைப் பவுல் மறைக்கவில்லை. கொரிந்துச் சபை முழுக்க வாசிக்கும்படி எழுதி அனுப்பினார்.

என் வீட்டுக்காரரிடம் இந்த மடலை வாசித்துக் காட்டினேன். ரஹீம் பாய் மகனைப் பற்றி எழுதியிருக்கிறாயா என்று முதலில் கேட்டார். எழுதியிருக்கிறேன் என்றேன். சரி, அனுப்பு என்றார்.

வருகிற முதல் ஞாயிறு நாங்கள் ஆராதனைக்கு வருவோம். கடைசிக்கு முந்தின வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே இருப்பார். அவரால் ரொம்ப நேரம் நிற்க முடியாது. மைக் வயர் அங்கே வரைக்கும் எட்டும், போன வாரம் நானே பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
தாராவி